பொறை யாருக்குரிய தர்மம்? – நம்பிள்ளை ஐதிஹ்யமும் ஸ்ரீவசநபூஷணமும்

நம்பிள்ளைக்கும் கந்தாடைத் தோழப்பருக்கும் இடையே திருவரங்கம் பெரியகோயிலில் நிகழ்ந்ததை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் அரியர். உபந்யாஸங்களிலும் காலக்ஷேப கோஷ்டிகளிலும் மிகுதியாக எடுத்துரைக்கப்படும் ஐதிஹ்யங்களுள் அது ஒன்று. நெஞ்சில் அமைதி வேண்டுவார்க்கும், பிறரை மதித்து வாழ விரும்புவார்க்கும் அதனினும் சிறந்த உதாஹரணம் காட்டுதல் அரிது. ஆயினும் இந்நாளில் அது சொல்லப்படும் முறையில் ஒரு குறை உண்டு. அதில் வரும் மூவருள் ஒருவருடைய அநுஷ்டானம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, மற்ற இருவருடையது விடப்படுகிறது. அதனால் பொறுத்துப் போகவேண்டும் என்னும் ஓர் உபதேசமே எஞ்சுகிறது. அவ்வுபதேசமும், நோவுபட்டவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதாக இன்றி, நோவு செய்தவரோ அவரைச் சார்ந்தவரோ நோவுபட்டவரைப் பார்த்துச் சொல்வதாக முடிகிறது. குடும்பங்களிலும் கோயில் கைங்கர்யங்களிலும் கோஷ்டிகளிலும் இவ்வாறு நடப்பதைக் காணாதவர் இலர். இது பூர்வாசார்யர்களின் திருவுள்ளத்திற்குச் சேருமா என்பது ஆராயத் தக்கது.

ஐதிஹ்யத்தின் அடைவு

பெரியோர்கள் சொல்லிவரும் அடைவு இது. நம்பிள்ளையின் திருவாய்மொழிக் காலக்ஷேபத்திற்குத் திரண்ட கோஷ்டி மிகப் பெரிது. அதைக் கண்டு, முதலியாண்டான் திருவம்சத்தவரான தோழப்பருக்கு அஸூயை மூண்டது. ஒருநாள் பெரிய பெருமாள் ஸந்நிதியில் பலரும் கேட்க அவர் நம்பிள்ளையைக் கடுஞ்சொற்களால் அவமதித்தார். நம்பிள்ளை மறுமொழி ஒன்றும் கூறாது திருமாளிகைக்கு எழுந்தருளினார்.

செய்தி தோழப்பருடைய தேவிகளின் செவிக்கு எட்டியது. அவர் வீடு திரும்பியபோது அந்த அம்மையார் வழக்கமான உபசாரம் ஒன்றும் செய்யாது ஒதுங்கி நின்றார். காரணம் கேட்டவரிடம், ஞானத்தாலும் அநுஷ்டானத்தாலும் சிறந்த ஒரு பாகவதர் திறத்தில் செய்த அபசாரத்தை எடுத்துக் கூறி, க்ஷமை வேண்டிக்கொள்ளுமாறு வற்புறுத்தினார். தோழப்பர் தம் தவற்றை உணர்ந்து, நம்பிள்ளை திருமாளிகைக்குப் புறப்படக் கதவைத் திறந்தார். அங்கே, தம் வாசலிலேயே, முக்காடிட்டுக் கிடந்த ஒருவரைக் கண்டார். அவர் நம்பிள்ளை. ஒரு பாகவதரின் திருவுள்ளம் கலங்கும்படி தாம் என்ன குற்றம் செய்தோமோ என்று அஞ்சி, க்ஷமை வேண்டி அங்கே வந்து கிடந்தவர். அதைக் கேட்ட தோழப்பர், சிலருக்கு மட்டும் ஆசார்யர் என்று தாம் எண்ணியிருந்தவர் உலகுக்கெல்லாம் ஆசார்யராயிருக்கத் தக்கவர் என்று சொல்லி, அவருக்கு லோகாசார்யர் என்னும் திருநாமத்தைச் சாற்றினார். நம்பிள்ளைக்கு இத்திருநாமம் தோழப்பரால் வந்தது என்பதை மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் குறித்தருளினார்.

இதில் மூவர் உளர். மூவருக்கும் தனித்தனிக் கர்த்தவ்யம் உண்டு. நோவுபட்டவர் தம் குற்றத்தைத் தேடினார். அருகிலிருந்தவர் குற்றம் செய்தவரைத் திருத்தினார். குற்றம் செய்தவர் அதை ஒப்புக்கொண்டு, இழிவுபடுத்திய வாயாலேயே ஏற்றம் சொன்னார். எவரும் மற்றவருக்குரியதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நம்பிள்ளை தோழப்பரைத் திருத்தப் போகவில்லை. தேவிகள் நம்பிள்ளைக்குப் பொறுமை உபதேசிக்கவில்லை. தோழப்பர், பாகவதர்கள் பொறுக்கக் கடவர் என்று கூறிக் கதவை மூடிக்கொள்ளவில்லை. இந்த அடைவு மாறினால் ஐதிஹ்யத்தின் பொருளே மாறிப்போம்.

நம்பிள்ளையின் நினைவுக்கு மூலம்

பிறர் வைதபோது தம்மிடம் குற்றம் தேடுவது வெறும் ஸ்வபாவ மென்மை என்று கொள்வாரும் உளர். அது அவ்வளவன்று, தர்சனத்தில் வேரூன்றிய நினைவு அது. ஸ்ரீகீதையின் 12ஆம் அத்யாயத்தில் பக்தனுடைய குணங்களைச் சொல்லத் தொடங்கும் 13ஆம் சுலோகம் எவ்வுயிரிடத்தும் த்வேஷமின்மையை முதலில் வைக்கிறது. தம்மிடம் த்வேஷம் பாராட்டி, தமக்குத் தீங்கும் செய்பவரிடத்தில் த்வேஷம் கொள்ளாமை எங்ஙனம் கூடும்? எம்பெருமானார் தமது பாஷ்யத்தில் இதற்கு வழி காட்டுகிறார். இவர்கள் என்னை வெறுப்பதும் எனக்குத் தீங்கு செய்வதும் என் அபராதத்திற்கு ஏற்ப ஈச்வரனால் ஏவப்பட்டே என்று அநுஸந்திப்பவனுக்கு த்வேஷம் எழாது என்பது அவர் அருளிய பொருள்.

இவ்விடத்தில் சங்கர பாஷ்யத்தை ஒப்பிட்டுக் காண்பது பொருளை விளக்கும். தனக்குத் துன்பம் தருவதையும் ஞானி வெறுப்பதில்லை. எல்லா உயிர்களையும் தன் ஆத்மாவாகவே காண்கிறான் என்பது அங்குக் கூறப்படும் ஹேது. பிறர் என்பவர் தனித்து நில்லாதபோது வெறுப்புக்கு விஷயம் இல்லை என்பது அதன் கருத்து. எம்பெருமானார் வழியிலோ பிறர் பிறராகவே நிற்கிறார். அவர் செய்த தீங்கும் தீங்காகவே நிற்கிறது. மாறுவது நோவுபட்டவனுடைய நோக்கு ஒன்றே. அவன் எதிரில் நிற்பவனை விட்டு, தன்னையும் ஈச்வரனையும் நோக்குகிறான். நம்பிள்ளை தோழப்பர் வாசலில் கிடந்தது இந்தப் பாஷ்யத்தின் அநுஷ்டானமே.

ஈச்வரன் ஏவினான் என்றால் குற்றம் செய்தவனுக்குப் பொறுப்பில்லையோ எனின், அதற்கும் எம்பெருமானாரே விடை தந்திருக்கிறார். ப்ரஹ்மஸூத்ரம் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்தில், ஜீவனுடைய கர்த்ருத்வம் ஈச்வரனுக்கு அதீநம் என்று கூறும் அதிகரணத்தின் ஸ்ரீபாஷ்யத்தில், ஜீவன் செய்யும் முதல் முயற்சியை அபேக்ஷித்தே ஈச்வரன் அநுமதி அளித்து நடத்துகிறான் என்று ஸ்தாபித்தருளினார். ஆகவே தீங்கு செய்யத் தொடங்கியவன் தன் பொறுப்பினின்று விடுபடான். ஈச்வரன் ஏவினான் என்னும் அநுஸந்தானம் நோவுபட்டவனுக்கு மருந்து. அதையே நோவு செய்தவன் எடுத்துக்கொண்டால் அது நஞ்சாய் முடியும்.

ஐந்து நிலைகள்

இப்பாஷ்யத்தில் ஒரு வாக்கியமாக இருந்தது ஸ்ரீவசநபூஷணத்தில் விரிந்து ஒரு சிகித்ஸையாகவே அமைந்திருக்கிறது. தமக்குத் தவறிழைத்தவரிடத்தில் நடக்கவேண்டிய முறையைச் சொல்லும் ஸூத்ரத்தில் பிள்ளை லோகாசார்யர் ஐந்து பாவங்களை அடைவே அருளிச்செய்கிறார். பொறுத்தல் முதலாவது, இரங்குதல் இரண்டாவது, நகைத்தல் மூன்றாவது, மகிழ்தல் நான்காவது, செய்ந்நன்றி நினைத்தல் ஐந்தாவது. 1370ஆம் ஆண்டு அவதரித்த மணவாள மாமுனிகள் தமது வ்யாக்யானத்தில் இவ்வைந்துக்கும் தனித்தனியே ஹேது காட்டுகிறார்.

பொறுத்தலாவது, பதிலுக்குப் பதில் செய்யாதிருத்தல். இரங்குதலாவது, நாம் பொறுத்தாலும் ஈச்வரன் தக்க தண்டம் செய்யாது விடானே, இவர் என் செய்வார் என்று அவருக்காக நெஞ்சு நோதல். நகைத்தலாவது, நம் ஆத்ம லாபத்திற்கு இவரால் கேடு செய்ய இயலாது. புகழ், பொருள் போன்ற சிறியவற்றில் கைவைத்து நம்மைக் கெடுத்துவிட்டதாக எண்ணுகிறாரே என்று அவ்வறியாமையைக் கண்டு சிரித்தல். மகிழ்தலாவது, நமக்குப் பகையாகிய தேஹத்தையும் அதைச் சார்ந்தவற்றையும் அன்றோ இவர் பழித்தார் என்று உகத்தல். நன்றி நினைத்தலாவது, நாம் காணமாட்டாதிருந்த நம் தோஷங்களை நமக்குக் காட்டினாரே என்று உபகாரமாகக் கொள்ளுதல்.

இவற்றின் அடைவு நோக்கத் தக்கது. முதல் நிலையில் நெஞ்சில் புண் இன்னும் ஆறவில்லை. கையும் வாயும் மட்டும் அடங்கியிருக்கின்றன. உலகில் பொறுமை என்று பெயர் பெறுவது பெரும்பாலும் இம்மட்டே. அதனோடு நின்றவனுக்கு அமைதி இல்லை. வாய் மூடியிருக்க, உள்ளே பழைய சொற்கள் இரவெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் நிலையில் நினைவு தன்னை விட்டு எதிரியின் நலத்தைப் பற்றுகிறது. மூன்றாம் நிலையில் இழந்தது இத்தனை சிறிது என்பது தெளிகிறது. நான்காம் நிலையில் தான் என்று எண்ணியிருந்த ஒன்று தானன்று என்பது தெளிகிறது. ஐந்தாம் நிலையில் எதிரி என்பவன் இல்லை. உபகாரகன் ஒருவனே எஞ்சுகிறான். சாந்தி முதல் நிலையிலேயே கைகூடும் என்று பிள்ளை லோகாசார்யர் கருதியிருந்தால் மேல் நான்கும் வேண்டா. பொறுமையை மட்டும் உபதேசித்து நிறுத்துவோர், ஐந்து படிகளில் முதற்படியில் ஒருவனை நிற்க வைத்துவிட்டுக் கோயில் இதுவே என்று சொல்பவரை ஒப்பர்.

ஐந்தாம் நிலைக்குப் பராசர பட்டர் திறத்தில் வழங்கும் ஐதிஹ்யம் பொருத்தமானது. தம்மைப் பலர் முன் வைத ஒருவருக்குப் பட்டர் தாம் அணிந்திருந்த ஆபரணத்தையும் மேல் வஸ்திரத்தையும் கழற்றிக் கொடுத்தார். எம்பெருமானுடைய குணங்களைச் சொல்லுவதும் தன் தோஷங்களைச் சொல்லுவதும் ஆகிய இரண்டும் ஒரு ஸ்ரீவைஷ்ணவனுக்குக் கடமை. தாம் முதலாவதிலேயே ஈடுபட்டு இரண்டாவதை மறந்திருக்க, அதை அவர் தமக்காகச் செய்துகொடுத்தார் என்பது பட்டர் கூறிய காரணம். கொடுத்த கையில் நடுக்கமோ வெறுப்போ இருந்தால் அது ஸம்பாவனையாகாது, பரிஹாஸமாகும். வைதவருக்கு மதிப்புச் செய்வது அமைதி பெற்ற நெஞ்சினால் மட்டுமே இயலும் என்பதற்கு இது சான்று.

எல்லை எது?

அங்ஙனமாகில் எந்தத் தீங்கையும் பேசாது பொறுப்பதே ஸம்ப்ரதாயமோ என்னும் சங்கை எழும். ஸ்ரீவசநபூஷணமே இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. அசோகவனத்தில் தம்மை வருத்திய ராக்ஷஸிகளின் குற்றத்தைப் பிராட்டி பெருமாளுக்கும் திருவடிக்கும் அறிவிக்கவில்லை. அவ்வாறே தனக்குப் பிறர் செய்த குற்றங்களை எம்பெருமானிடத்திலும் பாகவதர்களிடத்திலும் அறிவிக்கக் கடவனல்லன் என்பது அந்நூலின் தாத்பர்யம். இங்கே தனக்கு என்னும் வரையறையே உயிரானது. பிறருக்குச் செய்யப்பட்ட தீங்கை மறைக்கும்படி அது சொல்லவில்லை.

மறுதலையாக, விலக்கத் தக்கவற்றைச் சொல்லுமிடத்து அந்நூல் அக்ருத்யகரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என நான்கை ஒன்றினும் ஒன்று கொடிதாக அடுக்குகிறது. பகவானுக்குச் செய்யும் அபசாரத்தினும் அவனடியார்க்குச் செய்யும் அபசாரம் கொடிது என்பது இவ்வரிசையால் தேறும். ஈச்வரன் அவதரித்துச் செய்த அரிய செயல்களெல்லாம் பாகவதாபசாரம் பொறாமையால் விளைந்தவை என்று நஞ்சீயர் அருளிச்செய்வதாகவும் அந்நூல் காட்டுகிறது. ப்ரஹ்லாதன் தன் தந்தை செய்த கொடுமைகளைப் பொறுத்தான், எம்பெருமான் பொறுக்கவில்லை. இரண்டும் ஒரே சரித்திரத்தில் உள்ளன. ஒன்று மற்றொன்றுக்கு முரணன்று. தன் புண்ணைப் பொறுப்பவனும், பிறன் புண்ணைப் பொறாதவனுமாக ஒருவன் இருக்கக் கூடும், இருக்கவும் வேண்டும். தோழப்பரின் தேவிகள் செய்தது இந்த இரண்டாவது தர்மம். அந்த அம்மையார் தம் கணவரிடம் பொறுமை காட்டியிருந்தால், அது நம்பிள்ளை திறத்தில் மற்றோர் அபசாரமாகியிருக்கும்.

பொறுத்தவர் வாய் திறக்கலாகாது என்பதும் இல்லை. ராக்ஷஸிகளைக் காட்டிக்கொடாத அதே பிராட்டி ராவணனை நோக்கி, அவன் செய்தது தவறென்றும், பெருமாளோடு நட்புக் கொள்வதே அவனுக்கு நலம் என்றும் ஸுந்தரகாண்டத்தில் எடுத்துரைக்கிறாள். பிறரிடம் பழி தூற்றவில்லை. குற்றம் செய்தவனிடமே, அவன் நன்மையைக் கருதியே கூறினாள். இரக்கம் என்னும் இரண்டாம் நிலை வாய்த்தவருக்கே இவ்வாறு கூற இயலும். வெறுப்பினால் சொல்லும் உண்மைக்கும் இரக்கத்தால் சொல்லும் உண்மைக்கும் சொல் ஒன்றாயினும் பயன் வேறு.

மதிப்புக்கு அடிப்படை

பிறரை மதித்தல் என்பது நாகரிகம் கருதிய ஒழுக்கம் என்றே இக்காலத்தார் பலரும் எண்ணுவர். நம் பூர்வர்கள் அதை ஸ்வரூபத்தில் நிலைநிறுத்தினர். நம்மாழ்வார் திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி அடியார்களை ஸ்வாமிகளாக அறுதியிடுகிறது. எட்டாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழி அவர்களுக்கு அடிமை செய்வதையே பரம புருஷார்த்தமாகக் கூறுகிறது. இவ்விரண்டின் பொருள் வேறுபாட்டை நம்பிள்ளை அருளிய ஈடு முப்பத்தாறாயிரப்படி தெளிவாக்குகிறது. முன்னதில், உலகம் எத்துணைத் தாழ்ந்ததாக எண்ணும் பிறவியில் பிறந்தவராயினும், எம்பெருமானுக்கு ஆட்பட்டவரின் அடியார்க்கு அடியாரே தமக்கு ஸ்வாமிகள் என்று ஆழ்வார் அறுதியிட்டார். பாகவதருடைய பிறப்பை ஆராய்வதை, அர்ச்சாவதாரத் திருமேனி என்ன த்ரவ்யத்தால் ஆயிற்று என்று ஆராய்வதினும் கொடிதாகப் பிள்ளை லோகாசார்யர் கண்டித்ததும் இதன் வழியே வந்தது. இதை நாவினால் சொல்லி நடையில் மறுப்பவர்க்கு மேற்சொன்ன நான்கு அபசாரங்களின் வரிசையே போதிய எச்சரிக்கை.

ஆசார்யர்கள் இந்நிலைக்குச் சத்ருக்நாழ்வானை எடுத்துக்காட்டுவர். பெருமாளைப் பற்றியவர் பரதாழ்வான். பரதாழ்வானைப் பற்றியவர் சத்ருக்நாழ்வான். அயோத்யாகாண்டத்தின் முதற் சுலோகம் அவரைக் குற்றமற்றவர் என்றும், நித்ய சத்ருக்களை வென்றவர் என்றும் சொல்லுகிறது. அங்குக் கூறிய நித்ய சத்ருக்கள் இந்த்ரியங்கள் என்று வ்யாக்யாதாக்கள் பொருள் உரைத்தனர். அடியார்க்கு அடிமைப்பட்டவரைச் சொல்லுமிடத்தில் உட்பகையை வென்ற ஏற்றம் ஏன் கூறப்பட்டது? உட்பகை வெல்லப்படாதவரை பிறன் ஒருவனைத் தன் ஸ்வாமியாகக் காண நெஞ்சு இசையாது. பிறனைத் தாழ்த்த எழும் நினைவும், தன் நெஞ்சைக் குலைக்கும் கலக்கமும் அஹங்காரம் என்னும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் களைய இயலாது. கீதையின் 12ஆம் அத்யாயம் 15ஆம் சுலோகமும், எவனால் உலகம் கலங்குவதில்லையோ, எவன் உலகத்தால் கலங்குவதில்லையோ அவனே எம்பெருமானுக்கு இனியவன் என்று இரண்டையும் சேர்த்தே ஓதிற்று. பிறரைக் கலங்கச் செய்துகொண்டு தான் மட்டும் கலங்காதிருக்க விரும்புவோர்க்கு அச்சுலோகத்தில் இடமில்லை.

தோழப்பருடைய கலக்கமும் இதனாலேயே விளங்கும். நம்பிள்ளை அவருக்குத் தீங்கு ஒன்றும் செய்யவில்லை. பிறர் கோஷ்டி பெரிதாயிருந்ததே அவருக்குப் பொறாததாயிற்று. அவர் நெஞ்சு அமைதியுற்றது அந்தக் கோஷ்டி குறைந்ததனாலன்று. அதற்குத் தலைவரானவரை லோகாசார்யர் என்று தாமே வாய்விட்டுச் சொன்னதனால். அமைதி பெற்றபின் பிறரை மதிக்கலாம் என்று காத்திருப்போர்க்கும் இதில் உபதேசம் உண்டு. தோழப்பர் மதித்தார், அமைதி அதனுடன் வந்தது.

திருநாமத்தின் வழி

நம்பிள்ளையின் ஈட்டை ஏட்டில் எழுதிவைத்த வடக்குத் திருவீதிப் பிள்ளை, தமக்குத் திருக்குமாரர் அவதரித்தபோது தம் ஆசார்யருக்குத் தோழப்பர் சாற்றிய திருநாமத்தையே அவருக்கு இட்டார். அத்திருக்குமாரரே பிள்ளை லோகாசார்யர். தவறிழைத்தவரிடத்தில் நடக்கவேண்டிய ஐந்து நிலைகளை அருளிச்செய்தவர் தாங்கியிருந்த திருநாமம், தவறிழைத்த ஒருவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டபோது பிறந்த திருநாமம். நம்பிள்ளை பொறுத்ததோடு நின்றிருந்தால் அது பிறந்திராது. தோழப்பர் கதவைத் திறந்ததனாலும், அதைத் திறக்கும்படி ஓர் அம்மையார் அவரை வற்புறுத்தியதனாலும் அது பிறந்தது.

ஆகவே இவ்வைதிஹ்யத்தைச் சொல்லப் புகுவோர் மூவரையும் சொல்லக் கடவர். கேட்போரும் தாம் அன்று இம்மூவருள் எவருடைய இடத்தில் நிற்கிறோம் என்று முதலில் தெளிந்து, அவருக்குரியதையே தமக்குரியதாகக் கொள்ளக் கடவர். நோவுபட்டவர்க்கு ஐந்து நிலைகள் உள. அருகிலிருப்பவர்க்குத் திருத்தும் கடமை உளது. நோவு செய்தவர்க்கு உரியது புறப்பட்டுப் போய்க் கதவைத் தட்டுவதே.